திருத்தப்படாத குரல்கள்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் லாயாங் லாயாங். மலாய் மொழியில் அச்சொல் பட்டத்தைக் குறிக்கும். ஊரை விட்டுச் சற்றே விலகி நடந்தால் எத்திசை நோக்கினும் செம்பனை. எண்ணெய்ப் பனை ஆராய்ச்சியில் ஈடுபட்டோர் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் இவ்வட்டாரத்துப் பெயர் ஒன்றை அறிந்திருப்பர். உலு ரெமிஸ் என்பதே அப்பெயர். 1848இல் சாவகத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழிவந்தது டெலி டூரா என்னும் இனம். அவ்வினம் உலு ரெமிஸ் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டு வளர்ந்தது. மரத்துக்கு மரம் எண் இட்டு, குலைக்குக் குலை எடை பார்த்து, தாய்மரம் எது, மகரந்தம் தந்த மரம் எது என்று ஏட்டில் குறித்து வைப்பதே இனவிருத்தியின் முறை. ஒரு மரம் ஏன் நன்றாகக் காய்த்தது, மற்றொன்று ஏன் காய்க்கவில்லை என்று அறிய விரும்புவோர் அதன் பாட்டன் மரம் வரை ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

அம்மரங்களின் குலைகளை வெட்டிய மனிதர்களுக்கு அத்தகைய ஏடு திறப்பார் இல்லை. அவர்கள் எத்தனை நாள் வேலைக்கு வந்தனர் என்பது பெரட்டுக் களத்தில் குறிக்கப்பட்டது. வீட்டுக்குத் திரும்பிய பின் என்ன நிகழ்ந்தது என்பது எங்கும் குறிக்கப்படவில்லை.

தோட்டப்புற வாழ்வைச் சிதைத்தவற்றுள் கள்ளும் சம்சுவும் முன்னணியில் நிற்பவை என்பதை மறுப்பார் இலர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். 1940களில் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். அப்போராட்டத்தைப் பற்றிக் காவல் துறையினர் எழுதினர். வரலாற்று ஆசிரியர்களும் எழுதினர். கடைவாயிலில் நடந்தது இவ்வாறு ஏட்டில் ஏறியது. கடையிலிருந்து வீடு திரும்பிய தந்தை மகனிடம் என்ன சொன்னார், மகன் என்ன விடை பகர்ந்தான், தாய் எப்போது வாய்திறந்தாள், எப்போது மௌனம் காத்தாள் என்பது மட்டும் காற்றோடு போயிற்று. ஆயினும் குடியின் தீங்கு ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கடக்கும் இடம் அந்தச் சமையற்கட்டே அன்றோ?

காற்றோடு போகாமல் நின்ற ஒரு சிறு பகுதி, லாயாங் லாயாங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில், பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றினுள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கிடந்தது.

1986இல் அவர் இருபத்து நான்கு வயது இளைஞர். ஆசிரியர் பயிற்சியின் இறுதிக் கட்டத்தில், வீட்டுமொழிக்கும் பள்ளிமொழிக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்து ஓர் ஒப்படைப்பு எழுத வேண்டியிருந்தது. வட்டாரத் தோட்டம் ஒன்றின் ஆறு வீடுகளை அவர் தேர்ந்தெடுத்தார். நான்கு மின்கலத்தில் இயங்கும் கேசட் ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மாலை வேளைகளில் லயத்து வீடுகளுக்குச் சென்றார். கருவியைச் சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் இடையே உள்ள நிலையருகே வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே திண்ணையில் அமர்ந்துகொள்வார். முதலில் அனைவரும் கருவியைப் பார்த்தே பேசினர். கால்மணி நேரத்தில் அதனை மறந்தனர். அடுத்த மாலை அது ஓர் அண்டாவைப் போல, ஒரு முக்காலியைப் போல, வீட்டுப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. எட்டு நாடாக்கள் நிறைந்தன.

ஒப்படைப்பு நன்றாக அமைந்தது. விரிவுரையாளரின் பாராட்டையும் பெற்றது. ஆயினும் அதனை எழுதியபோது அவர் ஒரு செயல் செய்தார். அக்காலத்தில் அதனைக் குற்றமாக எவரும் எண்ணியிருக்க மாட்டார். நாடாவிலிருந்து உரையாடலை எடுத்தெழுதுகையில் கொச்சைச் சொற்களை எல்லாம் செந்தமிழாக்கினார். ‘வந்துட்டாரு’ என்பது ‘வந்துவிட்டார்’ ஆயிற்று. குடித்துவிட்டு வந்த தந்தையரின் பேச்சு, ஏட்டில் இடம்பெறத் தகாதது என்று முற்றிலும் விடப்பட்டது. இருவர் பேசாது இருந்த இடங்கள் மொழியாராய்ச்சிக்குப் பயன்படா என்று விலக்கப்பட்டன. இவ்வாறு ஆறு குடும்பங்களும் தாளில் ஏறியபோது தூய தமிழ் பேசும், குடியறியாத, ஒருவரை ஒருவர் குறுக்கிடாத குடும்பங்களாக மாறின. தமிழாசிரியர் ஒருவர் தம் மக்கள் இவ்வாறு இருத்தல் வேண்டும் என்று விரும்பிய தோற்றமே அத்தாளில் இருந்தது.

அண்மையில் ஒருநாள், அவ்வாறு வீடுகளுள் ஒன்றில் வளர்ந்த மகன் அவரைத் தேடி வந்தார். 1986இல் பத்து வயதுச் சிறுவன். இன்று ஐம்பதை எட்டும் குடும்பத் தலைவர், ஜொகூர் பாருவில் வேலை. முந்தைய ஆண்டு அவருடைய தாயார் மறைந்தார். தந்தையார் இறந்து நெடுங்காலம் ஆயிற்று.

“ஐயா, அம்மா போட்டோ நிறைய இருக்கு. குரல்தான் ஒண்ணுகூட இல்ல. நீங்க அப்ப ஒரு பெட்டி கொண்டுவந்து வைப்பீங்களே, அது இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு தம்பி. ஆனா அதுல உன் அம்மா மட்டும் இல்ல” என்றார் ஆசிரியர்.

வந்தவர் சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்தார். தாமும் சில ஆண்டுகள் குடித்ததையும், பிறகு நிறுத்தியதையும், தம் வீட்டில் பதினைந்து வயது மகன் இருப்பதையும் சொன்னார். “அப்பாவ நெனச்சா சத்தம் மட்டும்தான் ஞாபகம் வருது. அது மட்டும்தானா அவரு, தெரியணும்” என்றார்.

பெட்டியைத் திறந்தபோது எட்டு நாடாக்களும் ஒரே நிலையில் இல்லை. ஒன்றில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. மற்றொன்றில், கேசட்டின் முதுகிலுள்ள சிறு காப்புத் தகட்டை உடைக்காமல் விட்டதால், ஆசிரியரின் தம்பி எப்போதோ வானொலியிலிருந்து திரைப்பாடல்களைப் பதிந்துவிட்டிருந்தார். ஒரு குடும்பத்தின் இரண்டு மாலைகள் அப்பாடல்களின் அடியில் அழிந்துபோயின. இன்னும் இரண்டில், நாடாவை ஒலிமுனையோடு அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு ஒட்டுவிட்டுக் கழன்று கிடந்தது. நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றிய பிறகே அவை பேசின. வந்தவரின் வீட்டு நாடா பூஞ்சைக்கும் பாடலுக்கும் தப்பியிருந்தது.

முதற்பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தந்தையின் குரல்தான் முதலில் வந்தது, குடியில்லாத குரல். “ஒரு மரத்துல ரெண்டு கொல. பதினாறு மரம். எத்தன கொலடா?” சிறுவன் முணுமுணுக்கிறான். “வெரல விடு. மனசுல போடு.” சிறுவன் முப்பத்திரண்டு என்கிறான். “ம்” என்கிறார் தந்தை. அந்த ஒற்றை எழுத்தில் பெருமிதம் ததும்புகிறது. உள்ளிருந்து தாயின் சிரிப்பொலி கேட்கிறது. இம்மாலை நடந்ததே மகனின் நினைவில் இல்லை.

மறுபக்கம் சம்பள நாளுக்கு மறுநாள். சிறுவன் மலாய்ப் பாடம் ஒன்றை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறான். வெளியே மிதிவண்டியை நிறுத்தும் ஓசை. நடுச்சொல்லில் படிப்பு நின்றுவிடுகிறது. தாய் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்த குரலைப் பாதியாகத் தாழ்த்துகிறாள். கதவு திறக்கும் வரை ஒன்பது வினாடி எவரும் பேசவில்லை. அதன்பின் வந்த சொற்களை இங்கு எழுத வேண்டுவதில்லை. அப்பக்கத்தின் இறுதியில் மின்கலம் தளர்ந்து, பதிவின்போது நாடா மெல்ல ஓடியிருந்தது. ஆகவே இயல்பான வேகத்தில் ஓட்டுகையில் தாயின் குரல் ஒரு சிறுமியின் குரல்போல் உயர்ந்து ஒலித்தது. கணினியில் அதே நாடாவின் முற்பகுதிக் குரலோடு ஒப்பிட்டு வேகத்தைக் குறைத்தபோது, தாய் மீண்டும் தாயானார். மகன் அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்.

ஆசிரியரோ வேறொன்றைக் கண்டு திடுக்கிட்டார். அந்த ஒன்பது வினாடியை 1986இல் அவர் பலமுறை கேட்டிருக்கிறார். ஆனால் அது அவர் காதில் விழவே இல்லை. அன்று அவர் தேடியது கொச்சைச் சொற்களை. ஒரு வீட்டில் குடி என்ன செய்கிறது என்பதற்குச் சான்று, சொற்களுக்கு இடையே இருந்த அந்த மௌனத்தில் இருந்தது. அவர் எழுதிய ஒப்படைப்பில் அம்மௌனம் இல்லை. ஒப்படைப்பு மட்டும் எஞ்சி, நாடா தொலைந்திருக்குமானால், அவ்வீட்டில் நடந்தது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

ஒரு தொகுப்பை உருவாக்கியவர் எண்ணாத வினாவுக்கு அத்தொகுப்பு பிற்காலத்தில் விடையளிக்கும் என்பதற்கு உலகறிந்த சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்டன் குளூக், எலினோர் குளூக் தம்பதியர் 1940 முதல் பாஸ்டன் நகரத்து ஏழைச் சிறுவர் ஆயிரவரை ஆராய்ந்தனர். ஐந்நூற்றுவர் குற்றம் புரிந்தோர், ஐந்நூற்றுவர் புரியாதோர். சிறுவர் ஏன் குற்றவாளிகள் ஆகின்றனர் என்பதே அவர்கள் வினா. பிற்காலத்தில் ஜார்ஜ் வேலண்ட் என்னும் மனநல மருத்துவர், அத்தொகுப்பில் குற்றம் புரியாத பகுதியைச் சேர்ந்த 456 பேரின் வாழ்வைத் தொடர்ந்து ஆராய்ந்தார். குடிநோய் எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு தணிகிறது என்று விளக்கி அவர் 1983இல் வெளியிட்ட நூலுக்கு அவ்வாழ்க்கைக் குறிப்புகள் அடித்தளமாயின. குடிக்கு அடிமையானவர் தம் இளமையைப் பின்னோக்கிச் சொல்வதை மட்டும் நம்பினால் காரணமும் விளைவும் இடம் மாறிப்போகும்; இளமையிலேயே எழுதி வைத்த குறிப்பே நடுநின்று பேசும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. தந்தையை எண்ணினால் சத்தம் மட்டுமே நினைவுக்கு வருகிறது என்று லாயாங் லாயாங்கில் ஒரு மகன் சொன்னதையும், முப்பத்திரண்டு குலைகளின் மாலையை அவர் மறந்திருந்ததையும் இதனோடு வைத்து எண்ணிப் பார்த்தல் தகும்.

அந்தக் குளூக் ஆவணங்கள் ஒரு காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1980களின் நடுவில் ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் ஹார்வர்ட் சட்ட நூலகத்தின் அடித்தளத்துக்கும் அடியில் அப்பெட்டிகளைக் கண்டெடுத்தனர். ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கணினிக்கு ஏற்றினர். 1993இல் அதன் பயனாக நூலொன்று வந்தது. பின்னர், எழுபது வயதை எட்டிய அம்மனிதர்களுள் சிலரை நேரில் தேடிச் சென்று கண்டதன் பயனாக 2003இல் மற்றொரு நூலும் வந்தது. பெட்டிகள் குப்பைக்குப் போயிருந்தால் இரு நூல்களும் இல்லை.

குளூக் தம்பதியர் விட்டுச்சென்றவை தாள்கள். குடும்பத்தினரின் பேச்சையே நாடாவில் பதிந்து நெடுங்காலம் தொடர்ந்த ஆய்வுகளும் உள. ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் குழுவினர் 1980களின் தொடக்கத்தில், குற்றங்கள் மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த ஒன்பது, பத்து வயதுச் சிறுவர் 206 பேரின் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு ஆய்வைத் தொடங்கினர். பெற்றோரும் மகனும் ஒரு சிக்கலைப் பேசித் தீர்க்கும் முறை ஒளிநாடாவில் பதிவாயிற்று. அச்சிறுவர் வளர்ந்து மதுவையும் போதைப்பொருளையும் நாடினரா இல்லையா என்பது ஆண்டுதோறும் பின்தொடரப்பட்டது. இன்று அவர்கள் நடுவயதினர். அவர்களுடைய பிள்ளைகளும் ஆய்வில் இடம்பெற்றுவிட்டனர். பேட்டர்சன் கண்டது யாது? தாய் ஒன்று சொல்கிறாள். மகன் மறுக்கிறான். தாய் குரலை உயர்த்துகிறாள். மகன் அதற்கும் மேலே கத்துகிறான். தாய் களைத்து விட்டுக்கொடுக்கிறாள். கத்தினால் வெற்றி என்று மகன் கற்கிறான். விட்டுக்கொடுத்தால் அமைதி என்று தாய் கற்கிறாள். ஒரு நாளில் பலமுறை நிகழும் இச்சிறு நிகழ்ச்சி பல ஆண்டுகளில் வளர்ந்து பெருந்தீங்காகிறது. கேள்வித்தாளைக் கொடுத்து விசாரித்தால் எந்தத் தாயும் இதனைச் சொல்ல இயலாது. ஏனெனில் அவளே இதனை அறியாள். நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சில வினாடிகளாகப் பிரித்துப் பார்த்தவரே அறிந்தனர்.

மிச்சிகனில் ராபர்ட் சுக்கர் தலைமையில் 1980களில் தொடங்கிய ஆய்வு, குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டிக்கப்பட்ட தந்தையரின் மூன்று முதல் ஐந்து வயது மகன்களிலிருந்து புறப்பட்டது. சுக்கரும் உடனாய்வாளரும் 1990இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத குழந்தைகளும் மதுவை மணத்தாலேயே இனங்காணுவர் என்று காட்டியது. பெற்றோர் மிகுதியாகக் குடிக்கும் வீட்டுக் குழந்தைகள் அதில் முந்தினர். மிதிவண்டி ஓசை கேட்டுப் படிப்பை நிறுத்திய சிறுவனை அறிந்தோர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது. முதல் வகுப்பில் நுழையும் குழந்தை, ஆசிரியர் கற்பிக்கும் முன்பே கற்றுவரும் பாடங்கள் பல. இந்தியாவிலும் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் முன்னின்று, ஆயிரக்கணக்கான சிறுவரையும் இளைஞரையும் பல மையங்களில் பின்தொடர்ந்து போதைப் பழக்கத்தின் வேர்களை ஆராயும் பணியை மேற்கொண்டுள்ளது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்வாய்வுகள் கூறுவது இடர்ப்பாட்டின் அளவை; தலைவிதியை அன்று. குடிகாரர் மகன் குடிகாரனே ஆவான் என்று எந்த நாடாவும் சொல்லவில்லை. அவ்வாறு ஆகாமல் தப்பியோர் எதனால் தப்பினர் என்று அறிவதற்கும் அதே நாடாக்களே வேண்டும்.

தமிழ் வீட்டுப் பேச்சு உலக ஆய்வுக் களஞ்சியத்தில் இடம்பெற்றதற்கும் சான்று உண்டு. இந்தியாவின் முதற்கணினிகளுள் ஒன்றை வடிவமைப்பதில் முன்னின்ற பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து ஆர். நரசிம்மன், பின்னாளில் குழந்தை மொழியில் நாட்டங்கொண்டார். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு தமிழ்க் குழந்தை தன் வீட்டாரோடு பேசிய பேச்சை ஆர். வைத்தியநாதனோடு இணைந்து அவர் ஒலிநாடாவின் துணையால் திரட்டினார். 1984இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சைல்ட்ஸ் என்னும் குழந்தைமொழிக் களஞ்சியத்தில் அத்தொகுப்பு இடம்பெற்றுள்ளது. பேசியபடியே எழுதிவைத்த ஒரு வீட்டுத் தமிழை இன்று எந்நாட்டு ஆய்வாளரும் படிக்கக் கூடுகிறது.

ஆனால் நாடா நெடுநாள் வாழும் பொருள் அன்று. பாலியெஸ்டர் படலத்தின்மீது இரும்பு ஆக்சைடுத் துகளைப் பசையால் ஒட்டிச் செய்வதே ஒலிநாடா. அப்பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதையும். ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். நாடா பிழைத்தாலும் அதனை ஓட்டும் கருவி பிழைக்க வேண்டுமே! வீட்டு ஒளிநாடாக் கருவிகளை இறுதிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபூனாய் 2016இல் அத்தொழிலை நிறுத்தியது. 2019இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கமும் சேர்ந்து, 2025ஐ ஒட்டிய காலத்தோடு நாடாக்களை ஓட்டிப் படியெடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் மறைந்துபோகும் என்று உலகை எச்சரித்தன. அவ்வாண்டு வந்து சேர்ந்துவிட்டது. நாடாக்கள் பல இன்னும் பெட்டிகளில் இருக்கின்றன.

ஓலைச்சுவடியின் வரலாற்றைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இது புதுமையன்று. ஓலை சிதையும் முன் மற்றோர் ஓலையில் படியெடுத்தோர் இருந்தமையால்தான் உ. வே. சாமிநாதையர் கைக்குச் சுவடிகள் கிட்டின. படியெடுப்பார் இல்லாத நூல்கள் பெயரளவில் நின்றன. ஓலைக்குச் சில நூற்றாண்டு வாழ்நாள். நாடாவுக்குச் சில பத்தாண்டு. வேறுபாடு அவ்வளவே. ஏட்டைப் பெயர்த்தெழுதுவோர் மூலத்தைத் தம் மனம்போல் திருத்தினால் நேரும் கேட்டினையும் தமிழுலகம் நன்கறியும்.

காக்க வேண்டும் என்று சொல்வது எளிது. எவருடைய இசைவோடு காப்பது என்பதே கடினமான வினா. 1986இல் ஆசிரியர் ஒவ்வொரு வீட்டிலும் குடும்பத் தலைவரிடம் மட்டுமே கேட்டார். “பிள்ளைங்க பேச்ச ஆராயப்போறேன்” என்றார். தந்தையர் சரி என்றனர். தாயரைக் கேட்கவில்லை, குழந்தைகளைக் கேட்கும் எண்ணமே அக்காலத்தில் எவர்க்கும் எழவில்லை. பிள்ளையின் மொழிக்காகத் தந்த இசைவைத் தந்தையின் குடிக்கு நீட்டிக்க முடியுமா? பெயரை மறைத்தால் போதும் என்பாரும் உளர். நாற்பது வீடுகள் கொண்ட தோட்டத்தில் வளர்ந்தவர்க்குப் பெயர் எதற்கு? ஓர் இருமல் கேட்டாலே இன்னார் என்று சொல்லிவிடுவர். போதைப்பொருள் ஆய்வில் பங்கேற்போரின் அடையாளத்தை வெளியிடுமாறு ஆய்வாளரை வற்புறுத்தலாகாது என்று அமெரிக்கா 1970இலேயே சட்டத்தில் வழிசெய்தது. மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. ஆயினும் அதற்கும் முற்பட்ட காலத்தில், ஓர் இளைஞர் தம் ஒப்படைப்புக்காகத் திண்ணையில் அமர்ந்து பதிந்த நாடாவுக்கு உரிய நெறியை அவரே வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆசிரியர் ஆறு குடும்பங்களையும் தேடினார். நான்கு குடும்பத்தாரைக் கண்டுபிடித்தார். தோட்டத்தை விட்டு வெளியேறிய இரு குடும்பங்களின் சுவடு கிட்டவில்லை. கண்டுபிடித்தோருள் ஒரு குடும்பத்தார் நாடாவைக் கேட்கவே விரும்பவில்லை. அதனைத் தம்மிடம் தந்துவிடுமாறு கேட்டனர். ஆசிரியர் படி எதுவும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்தார். அவர்கள் அதனை என்ன செய்தனர் என்று அவர் கேட்கவில்லை. அக்கையிழப்பு அவருக்கு வருத்தமே. ஆனால் அக்குரல்கள் அவர்களுடையவை.

தாயின் குரலைத் தேடி வந்தவர் தம் தங்கையோடு பலநாள் பேசினார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் மட்டும் போதும், மற்றதை அழித்துவிடலாம் என்பது தங்கையின் முதற்கருத்து. அம்மா அந்த ஒன்பது வினாடி எப்படி எங்களைக் காத்தாள் என்பதும் அழிந்துவிடுமே என்றார் அண்ணன். அதன்பின் தங்கை ஒருமுறை தனியே அமர்ந்து இருபக்கமும் கேட்டார். கேட்டு முடித்து, அழிக்க வேண்டா என்றார். ஆனால் தம் இருவர் வாழ்நாளில் இரண்டாம் பக்கத்தை எந்த அவையிலும் ஒலிபரப்பலாகாது. ஆய்வாளர் எவரேனும் வந்தால் நேரில் வந்து தங்களைக் கேட்க வேண்டும். தங்களுக்குப் பின் தம் பிள்ளைகளைக் கேட்க வேண்டும். இந்நிபந்தனைகளைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டனர்.

நாடா 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், ஒலியைச் சுருக்காத கோப்பாகப் படியெடுக்கப்பட்டது. இரைச்சலை நீக்கிய படி கேட்பதற்குத் தனியே; எதையும் நீக்காத படி காப்பதற்குத் தனியே. மூன்று படிகள் மூன்று வீடுகளில் வைக்கப்பட்டன. எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எவரெவர் பேசினர், கருவி எங்கு வைக்கப்பட்டது, மின்கலம் எப்போது தளர்ந்தது, வேகம் எவ்வளவு சரிசெய்யப்பட்டது என்பதனைத்தும் உடன் எழுதப்பட்டன. குறிப்பில்லாத குரல் நாற்பது ஆண்டு கழித்து எவருடைய குரலோ ஆகிவிடும். சுவடு கிட்டாத இரு குடும்பங்களின் நாடாக்களுள் ஒன்று பாடல்களின் அடியில் அழிந்தது. மற்றொன்று, ஒலி பதிவாகிறதா என்பதை மட்டும் பார்த்துப் படியெடுக்கப்பட்டு, உரியவர் வரும்வரை எவரும் கேட்கலாகாது என்ற குறிப்போடு மூடி வைக்கப்பட்டது.

தோட்டப்புறத்துப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர் எத்தனையோ பேர், ஒப்படைப்புக்காகவும் போட்டிக்காகவும் பள்ளி விழாவுக்காகவும் இத்தகைய பதிவுகளைச் செய்திருப்பர். அவை இன்று அலமாரியின் மேல்தட்டில், கட்டிலின் அடியில், பள்ளிக் கிடங்கில் இருக்கலாம். அவற்றை வெளியில் எடுப்பதும், முதலில் காப்புத் தகட்டை உடைத்து அழியாமற் செய்வதும், உரியவரைத் தேடிக் கேட்பதும், பின்னரே படியெடுப்பதும் ஆசிரியர் மாணவர் யாவர்க்கும் இயலும் செயல்களே. செம்பனைக்குத் திறந்த ஏட்டை மனிதர்க்குத் திறவாமல் விட்ட குறையை முழுவதும் நீக்க இயலாது. எஞ்சியதைக் காக்க இயலும்.

ஆசிரியரின் பழைய ஒப்படைப்பும் அத்தகரப் பெட்டியின் அடியில் இருந்தது. தட்டச்சு செய்து, நீலநிற அட்டையிட்டு, பாராட்டுக் குறிப்போடு கூடியது. அதன் முதற்பக்கத்தில் அவர் அண்மையில் ஒரு தாளை ஒட்டினார். ‘இதிலுள்ள உரையாடல்கள் என்னால் திருத்தப்பட்டவை. குடிபோதையில் பேசப்பட்டவையும் மௌனங்களும் விடப்பட்டுள்ளன. மூலம் நாடாவில் உள்ளது. ஐயம் எழுமிடத்து நாடாவையே நம்புக’ என்று அதில் எழுதி, தேதியிட்டுக் கையொப்பம் இட்டார்.